கால் எட்டாத இடம்

கடும் வெயில் காலத்தில் ஏரியின் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் ஒன்றுபோல் இருக்காது. மேலே இருப்பது சூடாகி, லேசாகி, மேலேயே தங்கிவிடும். அடியில் இருப்பது குளிர்ந்து கனத்துக் கிடக்கும். காற்று அங்கே எட்டாது. அதில் இருக்கும் ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். கல்லூரியில் இதைப் படித்த யாருக்கும் இது தெரியும். அவள் படித்திருந்தாள்.

நகரக் குடிநீர் ஆய்வகத்தில், ஜன்னலோர மேசை அவளுடையது. ஏரியிலிருந்து வாரந்தோறும் புட்டிகள் அந்த மேசைக்கு வரும். நீல மூடி போட்டது மேல்தண்ணீர், கறுப்பு மூடி போட்டது அடித்தண்ணீர். படகில் வைத்தே அவற்றில் இரண்டு கரைசல்களைச் சொட்டு விட்டு மூடிவிடுவார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் புட்டிக்குள் பழுப்பாகப் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும். அந்த வெயிலுக்குக் கறுப்பு மூடிகள் வெள்ளையாக வந்திருக்க வேண்டும். அவையோ நீல மூடிகளைப் போலவே பழுப்பாக வந்தன, ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

ஊருக்குக் குடிக்கப் போவது அடி மதகு வழியாக வரும் தண்ணீர். அது கெட்டுவிட்டால் அந்த மதகை மூடி மேல் மதகைத் திறக்க வேண்டும். மேல் மதகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய யாருக்கும் மனசில்லை. 'அடித்தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்ற அறிக்கை வந்துகொண்டிருக்கும்வரை அதற்கு அவசியமும் இல்லை. அந்த அறிக்கையின் கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து. குழாயில் வரும் தண்ணீரில் லேசான நாற்றம் இருப்பதாகவும், வெளுத்த துணியில் பழுப்பு ஏறுவதாகவும் ஊரில் பேச்சு எழுந்த பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் கறுப்பு மூடிப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புட்டிகளை நிரப்பி அனுப்பும் படகுக் குழுவுக்குத் தலைவன் அவளுடைய கணவன்.

ஆய்வகத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, அவள் வீட்டில் கேட்டாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். கருவியில் ஏதாவது கோளாறு இருக்கும் என்றான். இதில் கருவியே கிடையாது, கண்ணால் பார்க்கிற நிறம்தான் என்றாள் அவள். அப்படியானால் கரைசல் பழசாக இருக்கும் என்றான். நேற்றுத்தான் புதிதாகக் கலந்தேன் என்றாள். அவன் பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"கரையில உக்காந்துக்கிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்காத. அவ்வளவு சந்தேகம்னா நீயே வந்து எடு."

அவளால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னான். நீந்தத் தெரியாதவர்கள் படகில் ஏறக் கூடாது. கால் எட்டாத ஆழத்தில், எதையும் பிடிக்காமல், தலையை வெளியே வைத்து ஐந்து நிமிடம் மிதந்து காட்டி, நகர நீச்சல் குளத்தில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அவளுக்கோ தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் மூச்சு வராது. படகுக் குழு அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கரை மேடம்'.

அந்தப் பயத்துக்குச் சொல்லிக்கொள்ள அவளிடம் ஒரு கதைகூட இல்லை. அவள் வீட்டில் யாரும் மூழ்கிச் சாகவில்லை. சின்ன வயசில் யாரும் அவளைத் தள்ளிவிடவும் இல்லை. காரணம் இருக்கிற பயத்துக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. காரணம் இல்லாத பயம் வெறும் சிரிப்புக்குத்தான்.

அவன் சொன்ன அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். நீயே வந்து எடு. சரி, எடுக்கிறேன், எனக்கு மிதக்கக் கற்றுக்கொடுங்கள் என்றாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு, தட்டிக்கழித்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து ஆழத்துக்கு இழுத்துப் போனான். விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே விட்டான். அவள் குளத்தில் பாதியைக் குடித்துவிட்டு மேலே வந்தபோது, விடவே இல்லையே, நீதான் நழுவினாய் என்றான். அடுத்த ஞாயிறு ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். வானத்தைப் பார், கை இரண்டையும் மேலே தூக்கு, காலை நேராக வைத்துக்கொண்டு வேகமாக உதை. அவள் அப்படியே செய்தாள். கடப்பாறையைப் போட்ட மாதிரி நேராக உள்ளே போனாள். அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். ஒவ்வொரு ஞாயிறும் அதே கதைதான்.

மாலையில் நாத்தனார் வீட்டில் அவன் அதை நடித்துக் காட்டுவான். கையை மேலே தூக்கி, கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பவைத்து. குழந்தைகள் உருண்டு சிரிக்கும். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விட்டுடுங்களேன் அண்ணி. எதுக்கு இந்த வயசுல தண்ணியோட மல்லுக்கு நிக்கணும்?" என்றாள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் கோபம் என்பார்கள்.

விடவில்லை. காலையில் குளத்தில் பெண்களுக்கென்று ஒரு நேரம் இருந்தது. அவனிடம் சொல்லாமல் அதில் பேர் கொடுத்தாள்.

அங்கே சொல்லிக்கொடுத்தவள் கல்லூரி மாணவி. அவளைவிட எவ்வளவோ சின்னவள். எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் வாய், நீச்சலில் வாங்கிய அகலத் தோள், அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டிய அவசரம். எல்லோரும் அவளைச் சின்ன மிஸ் என்றார்கள். முதல் நாள், தெரிந்ததைச் செய்துகாட்டச் சொன்னாள். இவள் வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி உதைத்தாள், உள்ளே போனாள். சின்ன மிஸ் நீளக் கம்பியை நீட்டி வெளியே இழுத்தாள்.

"யாருக்கா இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"வீட்டுக்காரர்."

"அவருக்கு நீச்சல் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

சின்ன மிஸ் நீளக் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கையை வெளியே தூக்கினால் அந்த எடை முழுக்கத் தலைமேல் இறங்கும், அது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று மட்டும் பொதுவாகச் சொன்னாள்.

இவளுக்கும் தெரியும். தண்ணீருக்குள் இருக்கிற பகுதியைத்தான் தண்ணீர் தாங்கும். பரீட்சையில் படம் போட்டு எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவள் இவள். பயத்தில் இருக்கும்போது படித்தது எதுவும் உதவிக்கு வராது என்பதை எந்தப் பாடத்திலும் போட்டிருக்கவில்லை. உடை மாற்றும் அறையில், தலையைத் துவட்டிக்கொண்டே, ஒவ்வொரு ஞாயிறையும் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நீச்சல் தெரிந்த ஒருவன் அப்படித் தவறுதலாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. துண்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ஆய்வகத்துக்குப் போனாள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சின்ன மிஸ் சொல்லிக்கொடுத்தது வேறு. கை இரண்டையும் தண்ணீருக்குள்ளேயே வைத்து, மேசையைத் துடைப்பது போல உள்ளேயும் வெளியேயும் தள்ளு. காலை மடக்கி, தவளை மாதிரி அகட்டி, சேர். மெதுவாக. மூச்சை நெஞ்சு நிறைய வைத்துக்கொள். இவள் படபடவென்று அடித்தாள்.

"அக்கா, தண்ணியை ஏன் அந்த அடி அடிக்கிறீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

பக்கத்தில் குளத்தோரக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். இவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வாயில் தண்ணீர் போனது.

நாள் போனது. ஆழமில்லாத பக்கத்தில் எல்லாம் சரியாக வந்தது. தரையில் நீலக் கோடு வரும் இடத்தில் குளம் சரிந்து ஆழமாகும். அந்தக் கோட்டைத் தாண்டினால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்ற நினைப்பு வரும், உடம்பு விறைக்கும், கை தானாக மேலே போகும். ஒரு காலை, மற்றவர்கள் போன பிறகு, சின்ன மிஸ் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய், "இன்னிக்கு மிதக்க வேணாம், மூழ்குங்க" என்றாள்.

"என்ன?"

"மூச்சை விட்டுட்டு கீழ போங்க. காலு தரையில படணும். பட்டுதுன்னா ஒரு உதை, மேல வந்துடுவீங்க. நான் கூடவே வரேன்."

அவள் கம்பியை விட்டாள். மூச்சு குமிழ் குமிழாகப் போனது. காதில் அழுத்தியது. வெளிச்சம் மேலே போய்க்கொண்டே இருந்தது. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டபோது, குதிகாலில் ஓடுகள் பட்டன. சில்லென்று, கொஞ்சம் வழுவழுப்பாக, குளியலறைத் தரை மாதிரி. எதிரே சின்ன மிஸ் கன்னம் உப்பி, முடி விரிந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. உதைத்தாள். மேலே வந்தாள். திரும்பவும் போனாள். யாரும் சொல்லாமலே மறுபடியும் போனாள்.

அதற்குப் பிறகு மிதப்பது பெரிய வேலையாக இல்லை. கை மேசையைத் துடைத்தது, கால் அகட்டிச் சேர்த்தது. தாடை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஓரமாக உட்கார்ந்திருந்தது, வாலாட்டவில்லை.

சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்த அன்று அவன் முகத்தில் ஈயாடவில்லை. எடுத்துப் படித்தான், திருப்பிப் பார்த்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு, குளம் வேறு ஏரி வேறு என்றான். விதிப்படி என்னைத் தடுக்க முடியாது என்றாள் அவள். ஆய்வகத்தின் தலைமை வேதியியலருக்கும் மறுக்க வழி தெரியவில்லை. அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதுவரை ஒரு காற்றும் வீசாமல் இருந்தால் போதும் என்று இருப்பவர். போய் வாருங்கள், பத்திரம் என்றார்.

படகில் மூன்று பேர். இயந்திரத்தை ஓட்டும் படகுக்காரர், கணவன், அவள். கரையிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், நிழல் விழுந்த, ஆழமில்லாத ஒரு மூலையில் படகுக்காரர் பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைத்தார். கணவன் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடியும் கூட்டினார். அவள் அதைக் கவனித்தாள். இத்தனை நாளாகப் புட்டிகள் எங்கே நிரம்பின என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஏரி நடுவில் இயந்திரம் நின்றது. கணவன் ஒரு விதியை நினைவுபடுத்தினான். புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு முறை தண்ணீரில் இறங்கி மிதந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாதிரி எடுக்க அனுமதியில்லை. விதி இருந்தது உண்மைதான். அதை யாரும் செய்து அவள் கேள்விப்பட்டதில்லை.

"பயமா இருந்தா சொல்லிடு. திரும்பிடலாம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க," என்றான். அந்தக் குரலில் அக்கறை சொட்டியது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தாள். உடுத்தியிருந்த சுடிதாரோடு விளிம்பைப் பிடித்து இறங்கினாள். பிறகு கையை விட்டாள்.

இங்கே நீலக் கோடு இல்லை, ஓடு இல்லை, எதிரே கட்டைவிரல் காட்ட யாரும் இல்லை. துணி காலைச் சுற்றி இழுத்தது. கை மேலே எழப் பார்த்தது. எழவிடவில்லை. துடைத்தாள், அகட்டினாள், சேர்த்தாள். தோளைச் சுற்றி இளம்சூடான தண்ணீர். பாதத்தில் வேறு தண்ணீர், ஐஸ் போல. வேண்டுமென்றே கொஞ்சம் இறங்கிப் பார்த்தாள். குளிர் முழங்காலுக்கு ஏறியது. புத்தகத்தில் கோடு போட்டுப் படித்ததை அவள் உடம்பு இப்போது அளந்துகொண்டிருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போதும் போதும், ஏறு என்று கணவன் சொன்ன பிறகும் வரவில்லை, ஐந்து நிமிடம் முடிந்துதான் வந்தாள்.

"இனிமே கரை மேடம்னு கூப்பிட முடியாது போல," என்றார் படகுக்காரர். கணவன் சிரிக்கவில்லை.

ஈரத்துணியில் காற்று பட்டது. பல் கிட்டியது. மாதிரி எடுக்கும் உருளையைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். கயிற்றில் ஆழத்துக்கு அடையாளங்கள் இருந்தன. சேற்றைத் தொடுவதற்கு நன்றாக முன்னாலேயே நிறுத்தினாள். சிறிய எடையைக் கயிற்றில் வழுக்கவிட்டாள். கீழே உருளை மூடிக்கொண்ட சின்ன அதிர்வு கைக்கு வந்தது. மேலே இழுத்துத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, சேறு துளியும் இல்லை. புட்டியில் நிரப்பிக் கரைசல்களை விட்டாள். வெள்ளையாகப் படிந்தது. பால் திரிந்த மாதிரி அப்பட்டமான வெள்ளை.

மூவரும் அதைப் பார்த்தார்கள். படகுக்காரர் இயந்திரத்தில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"கொட்டிடு," என்றான் கணவன், தாழ்ந்த குரலில். "கொட்டிட்டுத் திரும்ப எடுக்கலாம்."

அவள் கறுப்பு மூடியைத் திருகி, புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலைமை வேதியியலர் இருவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளைப் புட்டி மேசைமேல் இருந்தது. அதை அவர் பார்க்காமலே பேசினார். அனுபவம் இல்லாதவர்களுக்கு இது சகஜம் என்றார். கயிறு நழுவி உருளை சேற்றில் இடித்திருக்கும், அடிச்சேறு உள்ளே வந்திருக்கும். சேறு வந்திருந்தால் கலங்கியிருக்கும், இது தெளிவாக இருக்கிறதே சார், நீங்களே பாருங்கள் என்றாள் அவள். வேறு எதில் தப்பு செய்தாலும் காற்று உள்ளே போகும், அப்போது பழுப்புத்தான் வரும், வெள்ளை வராது என்றும் சொன்னாள். அத்தனை நீளமாக அவள் அந்த அறையில் பேசியதில்லை. அவருக்கு அது தெரியாமல் இல்லை. கணவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க கூட இருந்தீங்களே. என்ன ஆச்சு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "தண்ணில இறங்கி ஏறினதுல ரொம்பப் பயந்துட்டா சார். கையெல்லாம் வெடவெடன்னு நடுங்கிச்சு. கயிறு நழுவினதை நானே பார்த்தேன்."

"ஈரத்துல குளுருச்சு," என்றாள் அவள். "நான் பயப்படல."

அதைச் சொன்ன குரலும் நடுங்கியது. தலைமை வேதியியலர் ரொம்பக் கனிவாகத் தலையாட்டினார். தண்ணீர் பயம் இவ்வளவு சீக்கிரம் போகாது அம்மா, என் பெண்ணுக்கும் உண்டு என்றார். மாதிரி எடுத்ததில் பிழை, கணக்கில் கொள்ள வேண்டாம் என்று எழுதி முடித்தார். படகுக்காரரைக் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் அவர்.

அடுத்த வாரக் கறுப்பு மூடி பழுப்பாக வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. பெரிதாக ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவளைப் புட்டி கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னலோர மேசைக்கு வேறொருவர் வந்தார், அவர் போட்டார்.

கணவனிடம் அவள் சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை, உப்பு போதுமா, சாவி எங்கே என்கிற அளவுக்குப் பேசினாள். அவனும் நல்லபடியாகவே நடந்துகொண்டான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான், ஒரு வீட்டில் ஒருத்தர் வேலை போனால் இரண்டு பேருக்கும்தானே கஷ்டம் என்று ஒரு தடவை சொன்னான்.

விடுமுறை நாள் காலையில் வாசல் மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் நின்றிருந்தார். ஒரு கேனை எதிர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, இன்னொன்றை இவர்கள் வாசலில் இறக்கினார்.

"சார் சொல்லியிருந்தாரு, இனிமே உங்க வீட்டுக்கும் போடச் சொல்லி."

எதிர் வீட்டுக்காரி கேனை உள்ளே உருட்ட வந்தவள், இவளைப் பார்த்துச் சிரித்தாள். படிக்கட்டில் தலையசைப்பதைத் தவிர இவர்கள் அதிகம் பேசியதில்லை. அன்று அவளாகவே பேசினாள்.

"அப்பாடா, நீங்களும் மாறிட்டீங்களா? வெயில் ஆரம்பிச்சப்பவே உங்க வீட்டுக்காரர் எங்ககிட்ட சொல்லிட்டாருங்க, சின்னப் பிள்ளை இருக்கு, குழாய்த் தண்ணி வேணாம்னு. தங்கமான மனுஷன். ஆனா உங்க வீட்டுக்கு மட்டும் கேன் வரலையேன்னு நினைச்சுக்குவேன்."

அவள் உள்ளே வந்தாள். அவன் கேனைப் புதிதாக வாங்கி வைத்திருந்த தாங்கியருகே நகர்த்திவிட்டு, ஒரு கை பிடி என்றான். அவள் பிடிக்கவில்லை.

"எதிர் வீட்டுல சொல்லியிருக்கீங்க."

அவன் நிமிர்ந்தான். எதை என்று கேட்கவில்லை.

"கைக்குழந்தை இருக்குற வீடு. எப்படிச் சொல்லாம இருக்குறது?"

"எங்கிட்ட?"

"கேன் வாங்கினா நீ கேப்பியே." கேன் மூடியைக் கழற்றிக்கொண்டே, "காய்ச்சித்தானே குடிச்சோம்," என்றான்.

"காய்ச்சினா கிருமி சாகும். அடித்தண்ணியில வர்ற மாங்கனீஸ், அந்தத் துணியைப் பழுப்பாக்குறது, அப்படியேதான் இருக்கும்." பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "நீங்க ஆபீஸ்ல கேன் தண்ணிதான் குடிக்கிறீங்க. படகு அறையில பார்த்திருக்கேன். வெயிலுக்குன்னு நினைச்சேன்."

அவன் கேனைத் தனியாகத் தூக்கித் தாங்கியில் கவிழ்த்தான். பாதி வழியில் கொஞ்சம் தரையில் சிந்தியது. ஒரு டம்ளரில் பிடித்து அவளிடம் நீட்டினான். சமாதானம் செய்கிற முகம். ஞாயிற்றுக்கிழமைகளில், விடவே இல்லையே என்று சொன்னபோது இருந்த அதே முகம்.

டம்ளரை வாங்காமல் செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"கீழ."

"கீழ என்ன?"

கேன் போடுகிறவர் கீழ்த்தளத்தில் நிற்காமல் போவதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். அங்கே இன்னும் குழாய்த் தண்ணீர்தான். அந்தத் தளத்து வீடுகளில் யாரையும் அவளுக்குப் பழக்கமில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்றால், எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். புட்டி கழுவுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று நிச்சயம் கேட்பார்கள்.

படி இறங்கினாள். முதல் கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தட்டினாள். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.